வெள்ளை எங்கே துக்கம், எங்கே ஓணம்: எல்லையோர மனநலப் பாடல்களில் உடைத் தேர்வு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர் போகும் பாதையில் மனநலம் பற்றி ஒரு ஆல்பம் பாட்டு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவயதுப் பெண் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். மனது வெறிச்சோடிக் கிடப்பதைக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் கரையில்லாத வெள்ளைச் சேலையைக் கொடுக்கிறார். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அதைப் பார்க்கிறவர், "வீட்டுக்காரர் தவறிட்டார் போல" என்று ஒரே நொடியில் முடிவுகட்டிவிடுவார். சரி, அது வேண்டாம் என்று விரல் அகலக் கசவு (பொன் சரிகைக் கரை) வைத்த, வெளுக்காத கோரா சேலைக்கு மாற்றினால், அந்தப் பக்கத்துக்காரருக்கு அது ஓணம், கோயில், கல்யாண வீடு. பாட்டு சொல்ல வந்த மனச்சோர்வு இரண்டு பக்கமும் தொலைந்துபோகிறது.

எல்லையோரத்தில் பாட்டு எடுக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தினசரி உண்டு. வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் கேரளத்துக்குள் இருக்கின்றன. பாட்டைப் பார்க்கப்போகிறவர்களோ கோவையிலும் இருக்கிறார்கள், பாலக்காட்டிலும் இருக்கிறார்கள். நிறத்தை வைத்து நோயைச் சொல்ல முயன்றால் ஊருக்கு ஒரு பொருள் வரும். அதற்குப் பதில் வேறொரு வழி இருக்கிறது. ஒருவர் தன் உடையை எப்படிப் பராமரித்து வந்தார், அது இப்போது எப்படி மாறியிருக்கிறது என்பதைக் காட்டுவது. மனநல மருத்துவர்கள் நோயாளியைப் பரிசோதிக்கும்போது தோற்றத்தையும் உடையையும் குறித்துக்கொள்வது வழக்கம். ஆனால் கறுப்புச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. இந்த மனிதருக்கு, இந்தப் பருவத்துக்கு, இந்த இடத்துக்கு இந்த உடை பொருந்துகிறதா, முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பார்க்கிறார்கள். காஸ்ட்யூம் துறையும் இதே கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதிப் பிழைகள் தானாகவே விலகிவிடும்.

முதலில் தூக்கிப்போட வேண்டியது 'பைத்தியக்கார உடை' என்று நம் திரை பழக்கிவைத்த மூட்டையை: கிழிந்த சட்டை, மொட்டைத் தலை, காலில் சங்கிலி, ஆஸ்பத்திரிக் காட்சி என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அங்கி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் இருப்பவர் விரும்பினால் தன் சொந்த உடையையே அணியலாம், நிலையத்தின் சீருடையை அணியும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கட்டாய மொட்டையும் கூடாது. உடல் வெளியே தெரியாமல் மானத்தோடு இருக்கத் தகுந்த உடை தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 95ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் கருகிப்போனார்கள். சங்கிலியை ஓர் அலங்காரப் பொருளாக, உருவகமாக எடுத்துக் கையாளும் முன் இந்தத் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவமனை இருக்கும் இடங்கள் என்பதாலேயே, கீழ்ப்பாக்கம் என்பதைத் தமிழிலும், குதிரவட்டம் என்பதை மலையாளத்திலும் வசைச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறோம். எல்லையோரப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டே வளர்கிறார்கள். சீருடை அங்கி அந்த வசையின் துணி வடிவம்.

ஆஸ்பத்திரிக் காட்சி தேவை என்றால் நோயாளிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த உடையையே கொடுங்கள். மடித்த கோடு தெரிகிற நைட்டி, மகனுடைய பழைய டீசர்ட், வயர் கூடையில் ஒரு துண்டு. இவர் யாருடைய மனிதர் என்பதை அவை சொல்லிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. எந்த பஸ் ஸ்டாண்டிலும் எல்லாருக்கும் முகம் தெரிந்த, வீடில்லாமல் சுற்றுகிற ஒருவர் இருப்பார். கோணிப்பை, பிளாஸ்டிக் கவர், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை என்று அவருடைய தோற்றத்தை அப்படியே நடிகருக்கு மாட்டிவிடுவது எளிது. அது அவரைப் படம்பிடித்துக் கேலி செய்வதற்குச் சமம். அவர் மூன்று சட்டை போட்டிருப்பதற்கு எளிய காரணமும் இருக்கலாம்: பூட்டிவைக்க இடமில்லாதவர், இருப்பதை எல்லாம் உடம்பிலேயே சுமக்கிறார். அந்தக் காரணத்தைப் பாட்டில் சொல்ல இடமில்லை என்றால் அந்த உடையையும் எடுக்காதீர்கள்.

எல்லையில் நிறம் படுத்தும் பாடு

கறுப்பை எடுத்துக்கொள்வோம். துயரத்துக்குக் கறுப்பு என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, வாளையார் பாதையிலும் கம்பம் குமுளிப் பாதையிலும் கறுப்பு வேட்டி, சவரம் செய்யாத முகம், வெறுங்கால் என்று நிற்கிறவர் மாலை போட்டவர். மனச்சோர்வில் இருக்கும் இளைஞனுக்குக் கறுப்புச் சட்டையும் தாடியும் கொடுத்து டிசம்பரில் பாட்டை வெளியிட்டால், கமெண்டில் சாமி சரணம் வந்து விழும். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் எடுத்தாலும் இதே கதைதான். கருநீலமும் காவியும்கூட அந்த மாதங்களில் மாலைக்காரருக்கே போகும். சிவப்புச் சேலையைக் கோபத்துக்குக் கொடுத்தால் மேல்மருவத்தூர் நினைவு வரும். மஞ்சளை விடியலுக்குக் கொடுத்தால் மாரியம்மனுக்கு வேண்டுதல்.

தாடிக்கும் தனி வரலாறு உண்டு. நம் ரசிகருக்குத் தாடியும் தோளில் சால்வையும் காதல் தோல்வி. மனச்சோர்வு என்பது காதலி விட்டுப்போனதன் விளைவு என்று ஏற்கெனவே பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மேலும் தீனி போட வேண்டியதில்லை. அந்த இளைஞன் முன்பெல்லாம் கிருதாவை நேர்கோட்டில் வெட்டிக்கொள்கிறவனாக இருந்து, இப்போது மூன்று வாரமாக சலூன் பக்கமே போகவில்லை என்றால், பிடரியில் கோடு கலைந்து சட்டைக் காலருக்குள் முடி இறங்கியிருக்கும். பின்னாலிருந்து எடுக்கும் ஒரு க்ளோஸ் அப் போதும்.

முண்டு கட்டும் பக்கம் இன்னும் நுட்பமானது. கேரளத்தில் முண்டின் மேல்முனை இந்துக்களுக்கு வலப்பக்கமும் முஸ்லிம்களுக்கு இடப்பக்கமும் வருமாறு உடுத்துவது வழக்கம். கோவையிலிருந்து வந்த உதவியாளர் இதைக் கவனிக்காமல் கட்டிவிட்டால், நோயாளிப் பாத்திரத்துக்கு இயக்குநர் நினைக்காத ஒரு மதம் வந்து ஒட்டிக்கொள்ளும். 'இந்த நோய் அவங்களுக்குத்தான்' என்ற பேச்சுக்கு அதுவே போதும். இதில் எடிட்டிங் டேபிளில் நேரும் விபத்து ஒன்றும் இருக்கிறது. பார்வைத் திசை பொருந்தவில்லை என்று எடிட்டர் ஷாட்டை இடவலமாகத் திருப்பிப்போடுவார். அப்படித் திருப்பினால் முண்டின் முனை மறுபக்கம் போகும், சட்டைப்பை வலப்பக்கம் போகும், சேலை முந்தானை வலத்தோளுக்குப் போகும். திருப்பிப்போட்ட ஷாட்களின் பட்டியலைக் காஸ்ட்யூமர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

மண்ணும் உடைதான். கேரளம் என்றதும் செம்மண் கறை போடுகிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் கரிசல் இருக்கிறது. அங்கே மழைநாளில் வேட்டிக் கரையில் ஒட்டுவது சாம்பல் கலந்த கறுப்புச் சேறு. தோட்ட வேலைக்காரர் என்றால் வாழைக்கறை. அது துணியில் பட்டால் நாளாக நாளாகப் பழுப்பேறும், எந்த சோப்புக்கும் போகாது. இவை நோயின் அடையாளம் அல்ல, வேலையின் அடையாளம். இரண்டையும் குழப்பிவிட்டால் உழைக்கிறவரின் அழுக்கை நோயாகக் காட்டிய பாவம் வந்துசேரும். மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக் கட்டுவது செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்க. அதைச் 'சிதைந்த மனம்' என்று ஃப்ரேம் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கஞ்சி போட்ட வேட்டி

அப்படியென்றால் எதை வைத்துக் காட்டுவது? ஒரு மாதிரிப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர். வீட்டுக்கும் தோப்புக்கும் கைலி, வெளியே கிளம்பினால் கஞ்சி போட்ட டபுள் வேட்டி. இந்த வேட்டியின் பின்னால் ஒரு நாள் முழுக்க நீளும் வேலை இருக்கிறது. சோற்றுக் கஞ்சியை வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்ச வேண்டும். அதை மூன்று லிட்டர் தண்ணீரில் கலந்து, அலசிய வேட்டியை முக்கி, பிழிந்து, உதறிக் காயப்போட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தேய்க்க வேண்டும். நாளைக்கு வெளியே போக வேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கே இருந்தால்தான் இது நடக்கும். மனச்சோர்வு முதலில் தின்பது அந்த 'நாளைக்கு' என்ற எண்ணத்தைத்தான்.

ஆகவே முதல் கட்டத்தில் வேட்டி விறைப்பாக இருக்கட்டும். நடக்கும்போது கரை காலைவிட்டு விலகி நிற்கும். இரண்டாம் கட்டத்தில் வேட்டி சுத்தமாகத்தான் இருக்க வேண்டும், கஞ்சி மட்டும் இருக்கக் கூடாது. துணி முழங்காலில் ஒட்டும், உட்கார்ந்து எழுந்த சுருக்கம் அப்படியே நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு அழுக்கைப் பூசிவிடுகிறார்கள். அழுக்கு மிகவும் தாமதமாக வருவது. பல பேருக்கு வருவதே இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, உள்ளே உடைந்துபோயிருப்பவர்கள் எத்தனையோ பேர். மூன்றாம் கட்டத்தில் அவர் கைலியோடு கல்யாண மண்டப வாசலில் நிற்கிறார். கைலி புதிதாகவே இருக்கட்டும். அந்த ஊர்க்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். விறைப்பும் தளர்வும் முழு உருவ ஷாட்டில், பக்கவெளிச்சத்தில், ஆறு அங்குல போன் திரையிலும் தெரியும். நுண்ணிய பூவேலை தெரியாது.

பெண் பாத்திரத்துக்கு இதற்கு இணையானது நைட்டிமேல் போடும் துண்டு. இரண்டு பக்கமும் வீட்டுப் பெண்கள் நைட்டியோடு கேட் வரை வர வேண்டியிருந்தால் கை தானாக ஒரு துண்டையோ துப்பட்டாவையோ எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளும். பால்காரர் வரும்போது அந்தத் துண்டு இல்லாமல் கதவைத் திறக்கிற ஒரு ஷாட், கலைத்துவிட்ட தலைமுடியைவிட ஆழமாகப் போகும். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றிய பாட்டு என்றால், பால் ஊறிய கறை காய்ந்து விளிம்பு கட்டியிருக்கும் நைட்டி, தாலிச்சரட்டில் ஊக்கு, நேற்றைய பூவின் நார் இன்னும் ஜடையில். கறைக்குப் பாலையே தொட்டு வைத்துக் காயவிட்டால் போதும், மஞ்சள் சாயம் வேண்டாம். பிரசவ அறையைக் காட்டுகிறோம் என்று உடம்பைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இளைஞர்களுக்குக் கழுத்து டேக். வாளையாரிலிருந்து கோவைக்குக் கல்லூரிக்கும், கஞ்சிக்கோடு ஆலைகளுக்கும் போய்வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றுவது ஐடி கார்டைத்தான். இரவு சாப்பாட்டுத் தட்டின் முன் அது இன்னும் கழுத்தில் தொங்கினால் போதும்.

பாட்டு இலக்கணம் குறுக்கே வரும்

நம் ரசிகர் பழகிய பாட்டில் சரணத்துக்கு ஒரு உடை மாறும். அதை யாரும் கதையாகப் பார்ப்பதில்லை. மனநலப் பாட்டுக்கு இது இரண்டு விதத்தில் இடைஞ்சல். ஒன்று, நாள்கணக்கில் ஒரே உடையில் கிடப்பதைக் காட்ட நினைத்து ஒரே டீசர்ட்டைக் கொடுத்தால், ஒரே நாளில் எடுத்த சிக்கனப் பாட்டு என்று நினைத்துவிடுவார்கள். இதற்கு வழி, சுற்றியிருப்பவர்களின் உடையை நாட்காட்டியாக ஆக்குவது. மகள் அதே சாம்பல் டீசர்ட்டில் கட்டிலில். அம்மா ஷாட்டுக்கு ஷாட் வேறு சேலையில் கடந்துபோகிறார். தம்பி ஒரு ஷாட்டில் வழக்கமான யூனிஃபார்மில், அடுத்ததில் பல பள்ளிகளில் வாரம் ஒருநாள் போடும் வெள்ளை யூனிஃபார்மில், அடுத்ததில் வீட்டு டிராயரில். ஐந்து சேலை, இரண்டு யூனிஃபார்ம் செலவில் ஒரு வாரம் ஓடிவிடும். மனச்சோர்வு என்று மருத்துவர்கள் சொல்ல அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். ஒரு சோக நாளுக்கும் நோய்க்கும் உள்ள முக்கிய வித்தியாசங்களில் ஒன்று இந்தக் காலஅளவு. அம்மாவின் சேலைகள் மறுபடி ஒரு சுற்று வந்தால் அதைச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது இடைஞ்சல் இதற்கு நேர்மாறு. இருதுருவ மனநோயின் எழுச்சி நிலையில் தூக்கம் குறைந்து, வேகம் கூடி, செலவு கைமீறும். அதைக் காட்ட நாயகிக்கு ஒரே இரவில் நான்கு உடை மாற்றினால், ரசிகர் அதை வழக்கமான பாட்டு என்று எடுத்துக்கொள்வார். அறை, வெளிச்சம், கேமரா கோணம் மூன்றையும் மாற்றாமல் வைத்து, கழற்றிய உடைகள் ஃப்ரேமுக்குள்ளேயே குவிய வேண்டும். விலைச்சீட்டு தொங்கட்டும், கடைப் பைகள் சுவரோரம் ஏறிக்கொண்டே போகட்டும், சுவர்க் கடிகாரம் மூன்று மணி காட்டட்டும். உதட்டுச்சாயத்தை அப்பி, ஜோடி மாறின வளையல்களைப் போட்டு வேடிக்கைப் பொருளாக்க வேண்டாம். அவர் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு உடையும் அழகாகவே இருக்கலாம். நோய் இருப்பது எண்ணிக்கையிலும் நேரத்திலும்.

பேனிக் அட்டாக்கைக் காட்டும்போது சட்டையைக் கிழித்துக்கொள்ள வைப்பது மிகை. மூச்சு அடைப்பது போல இருக்கும்போது கை போவது மேல் பட்டனுக்கு, கைக்கடிகார வாருக்கு, தாலிச்சங்கிலிக்கு, துப்பட்டா முடிச்சுக்கு. இறுக்கமாக இருப்பதை எல்லாம் தளர்த்தப் பார்ப்பார்கள். ஆகவே உடையில் இறுக்கம் இருக்க வேண்டும்: காலர் உள்ள சட்டை, தோல் வார் வைத்த கடிகாரம். வியர்வை தெரிய சாம்பல் அல்லது வெளிர்நீலப் பருத்தி வேண்டும். வெள்ளையிலும் கறுப்பிலும் அது சரியாகத் தெரியாது. வெறும் தண்ணீர் அடித்தால் பாலக்காட்டுக் காற்றுக்குச் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். கிளிசரினும் தண்ணீரும் சமபாகம் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்து, அக்குள், பிடரி, தோள்பட்டைகளுக்கு நடுவே அடிக்க வேண்டும். கிளிசரின் தூசியை இழுத்து ஒட்டவைக்கும் என்பதால் அதே சட்டையில் மூன்று பிரதி வேண்டும். இந்தத் தாக்குதல் சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுவது என்பதால், அடுத்த காட்சியில் அவர் அதே சட்டையில், ஒரு பட்டன் மட்டும் திறந்தபடி, பஸ்ஸுக்கு நிற்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்றால் துல்லியமாக அடுக்கிவைத்த அலமாரி என்று ஒரு வாய்ப்பாடு ஆகிவிட்டது. திரும்பத் திரும்பக் கை கழுவுகிறவரின் சட்டையில் பார்க்க வேண்டியது வேறு: எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டிய கை, வயிற்றுப் பக்கம் தொட்டியில் சாய்ந்து நனைந்த ஈரம், மோதிரமோ கடிகாரமோ இல்லாத கை, வெளுத்துப்போன மணிக்கட்டுக் கயிறு. ஒரு ஷாட் போதும், இழுக்க வேண்டாம்.

எடை மாற்றத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று, முயற்சி எதுவும் இல்லாமல் ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் கூடுவதோ குறைவதோ. 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோ. நடிகர் இளைக்க வேண்டியதில்லை. ஒரே துணியில் 40 அளவிலும் 42 அளவிலும் இரண்டு சட்டை தைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்துக்கு 40, பிறகு 42. தோள் தையல் ஒரு விரல் இறங்கும், காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி விழும், கடிகாரம் மணிக்கட்டில் சுழலும். சிகிச்சைக் கட்டத்தில் இது தலைகீழாகலாம். மனநோய்க்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். குணமாகி வருகிறவருக்கு அதே சட்டை பட்டன் இடைவெளியில் பிதுங்குவது நேர்மையான விவரம். மருந்தால் எடை கூடிய பலர் அதனாலேயே மருந்தை நிறுத்துகிறார்கள். பாட்டில் ஒருவர் அந்த உடம்போடு மதிப்பாக நடந்துபோவதைப் பார்ப்பது அவர்களுக்குத் தேவை.

துணியைப் பழசாக்குவது

பழையது வேண்டும் என்றால் பழையதையே வாங்குவதுதான் நல்லது. நடிகரின் வீட்டு உடைகளில் தேடினால் பாதி கிடைக்கும். மற்றதற்கு திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைகள், ஈரோட்டு ஜவுளிச்சந்தை. கோரா முண்டுக்கு குத்தாம்புள்ளி, பருத்திச் சேலைக்கு நெகமம். சென்னையிலிருந்து வாடகைக்கு வரும் பெட்டியில் இந்த ஊர் இருக்காது.

புதியதைத்தான் பழசாக்க வேண்டும் என்றால் முதல் வேலை கடைக் கஞ்சியைப் போக்குவது. வெந்நீரும் ஒரு வாளிக்கு இரண்டு ஸ்பூன் சலவைச் சோடாவும் போட்டு இரண்டு தடவை அலச வேண்டும். இதைச் செய்யாமல் சாயம் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். பிறகு வெளிப்பக்கத்தில் வெயில் படும்படி ஒரு வாரம். காலர் மடிப்பு, கைமுனை, பாக்கெட் வாய், பட்டன் பட்டி ஆகிய நான்கு இடங்களில் 150 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பருத்தியில் நூல் மெலிந்து வெளுக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியில் இதையே செய்தால் குட்டிக்குட்டி உருண்டைகள் எழுந்து பழையதாகவும் இல்லாமல் புதியதாகவும் இல்லாமல் நிற்கும்.

வெள்ளையின் கூச்சத்தைக் குறைக்க டீத்தூள். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பால்வெள்ளைச் சட்டை வெடித்துப்போகும், மடிப்பே தெரியாது. நான்கு லிட்டர் கொதிநீரில் 20 கிராம் டஸ்ட் டீயைத் துணியில் கட்டிப்போட்டு ஐந்து நிமிடம் விட்டு எடுத்துவிடுங்கள். சட்டையை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிறகே உள்ளே விட வேண்டும், காய்ந்த துணியை விட்டால் முதலில் பட்ட இடம் கறையாகும். மூன்று முதல் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் புரட்டி, வெளியே எடுத்து அலசி, நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தில் தெரிவதைவிட காய்ந்தபின் ஒரு படி வெளிறும், அதைக் கணக்கில் வைத்தே எடுக்க வேண்டும். தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால் அது மட்டும் டீயை வாங்காமல் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று நிற்கும். தையல்காரரிடம் முன்பே பருத்தி நூல் சொல்லிவிடுவது ஒரே தீர்வு. சொட்டு நீலம் போட்ட வெள்ளை, கேமராவில் நீலமாகவே விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் கேமராவின் சென்சாரில் அலையடிக்கும். துணியைப் பத்தடி தூரத்தில் பிடித்து, படப்பிடிப்புக்கு வைத்திருக்கும் கேமராவிலேயே பத்து நொடி எடுத்து, பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும். டிஐயில், அதாவது படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கட்டத்தில், என்ன நிறச் சாயல் வரப்போகிறது என்பதையும் ஒளிப்பதிவாளரிடம் கேளுங்கள். நீலப்பச்சைச் சாயலில் அரக்குச் சேலை சேறாகிவிடும். பிறகு வருந்திப் பயனில்லை.

காற்றும் கண்டினியூட்டியும்

பாலக்காட்டுக் கணவாயில் காற்று ஓயாது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும் பனிக்காலத்தில் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அசையாமல் நிற்க வேண்டிய சோகக் காட்சியில் முந்தானை கொடிபோலப் பறந்தால் பாட்டின் தொனியே மாறிவிடும். முந்தானை ஓரத்து மடிப்புக்குள் ஆறு முதல் எட்டு சிறிய இரும்பு வாஷர்களைத் தைத்துவிடுங்கள், காற்றுக்கு அடங்கும். வாஷர் துருப்பிடித்துக் கறை இறங்கும் என்பதால் மழை ஷாட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர். ஸ்லோ மோஷனில் பாலியெஸ்டர் படபடக்கும், நைந்த பருத்தி மிதக்கும். பாட்டு ப்ளேபேக்கில் எடுக்கப்படுவதால் துணிச் சத்தம் கவலையில்லை, ஆனால் நடுவில் பேச்சு வந்தால் கஞ்சித்துணியின் சரசரப்பு மைக்கில் ஏறும்.

நான்கு நிமிடப் பாட்டில் சராசரி இரண்டரை நொடிக்கு ஒரு கட் என்றால் 96 ஷாட். பெரும்பாலும் ஒரே நாளில், கதை வரிசையில் இல்லாமல், இடத்துக்கு ஏற்ப எடுப்பார்கள். தோப்புக் காட்சி மூன்று கட்டத்துக்கும் காலையிலேயே முடிந்துவிடும். அதனால் கட்டத்துக்கு ஒரு ஹேங்கர், ஒவ்வொன்றிலும் ஷாட் எண் எழுதிய அட்டை, ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போனில் நான்கு படம்: முன், பின், கை, கால். கைச்சுருட்டு எத்தனை மடிப்பு, எந்தப் பட்டன் திறந்திருந்தது, செருப்பா வெறுங்காலா என்பதில்தான் பிசகும். கஞ்சி வேட்டி ஒருமுறை உட்கார்ந்தால் முடிந்தது. முதல் கட்டத்துக்கு மூன்று வேட்டி தேய்த்து வைத்திருங்கள்.

மணிக்கட்டுக் கட்டு, தழும்பு, தொங்கும் துப்பட்டா, சேலை முடிச்சு இவற்றைக் குறியீடாக வைத்து நெருக்கத்தில் காட்டவே கூடாது. தற்கொலை முறைகளைத் திரையில் காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைப்படத் துறையினருக்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பார்க்கிறவரில் அந்த விளிம்பில் நிற்கிற ஒருவர் இருப்பார் என்று நினைத்தே ஒவ்வொரு ஃப்ரேமையும் வைக்க வேண்டும்.

குணமானதைக் காட்டப் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும் கொண்டுவருவது நம் வழக்கம். நோயிலிருந்து மீண்டுவருகிறவர் கல்யாணப் பெண் அல்ல. தோப்புக்காரர் கடைசியில் வேட்டியில் வரட்டும். கஞ்சி லேசாக, அங்கங்கே திட்டாக இருக்கட்டும், அவரே போட்டது. சட்டைப்பையில் மாத்திரை அட்டையின் ஓரம் தெரிந்தால் இன்னும் நல்லது. மாத்திரை சாப்பிடுகிறவரும் நன்றாக இருப்பவர்தான் என்பதை இப்போதைக்கு யாரும் திரையில் சொல்வதில்லை.

அந்தக் கடைசி ஷாட்டின் மேல்தான் டெலி மானஸ் எண் 14416 வரும். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவச அழைப்பு எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். வெள்ளை வேட்டியின் மேல் வெள்ளை எழுத்து விழுந்தால் எண் கரைந்துபோகும். எழுத்து விழும் இடத்தில் அடர்நிறம் வேண்டும்: தோளில் ஒரு கருநீலத் துண்டு, அல்லது பின்னால் நிழலடித்த தென்னை. எண் குறைந்தது ஐந்து நொடி நிற்கட்டும். போனை எடுத்து அழுத்த அவ்வளவு நேரமாவது வேண்டும்.